பெஞ்சமின் ராபின்ஸ்: புரிக்குழலின் கணக்கறிந்தவர்

விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கி, தேவனாம்பட்டினத்துக் கடற்கரை வரை ஒரு மாலை நடந்து வருவது நமது வழக்கம். கெடிலம் கடலோடு கலக்குமிடத்திற்கு அண்மையில் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் இன்றும் உள. அவற்றைக் காட்டுவோர் கிளைவின் பெயரைத் தவறாது சொல்வர். அதே கோட்டையில் 1751-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் உயிர் நீத்த பெஞ்சமின் ராபின்ஸை நினைப்பார் அரியர். பீரங்கிக் கலையைக் கணித நூலாக்கிய அப்பெரியாரின் பெயர் அத்துறை பயில்வார்க்கெல்லாம் தெரிந்ததே. அவர் வந்து மாய்ந்த மண்ணிலே பிறந்த நமக்கு மட்டும் அது தெரியாதிருத்தல் முறையன்று என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

ராபின்ஸ் 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் சமயத்தினர். படைக்கலம் ஏந்துதல் பாவம் எனக் கொண்ட கூட்டத்திலிருந்து துப்பாக்கியின் இலக்கணம் வகுத்தவர் தோன்றியது விந்தையே. ஆயின் அவர் இளமையிலேயே அந்நெறியினின்று விலகிவிட்டார். பல்கலைக்கழகத்தில் அவர் பயிலவில்லை. நூல்களைத் தாமே கற்று, லண்டன் சென்று, மாணவர்க்குக் கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 1727-இல், இருபது வயதளவில், ராயல் சங்கத்தார் அவரை உறுப்பினராக்கிக்கொண்டனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட நம்போல்வார்க்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சி தனி.

1741-இல் வுல்விச் நகரில் படைக் கல்லூரி நிறுவப்பெற்றபோது, அரண் அமைப்புக் கலையின் ஆசிரியர் பதவியை அவர் விரும்பினார். அது வேறொருவர்க்குப் போயிற்று. மறு ஆண்டிலேயே பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்னும் நூலை வெளியிட்டார். பதவி பெற்றவர் பெயரை இன்று தேடிப் பிடிக்கவேண்டும். பெறாதவர் நூலை ஐரோப்பா முழுவதும் படித்தது.

அந்நூலின் உயிர்நாடி ஓர் ஊசல். மரப்பலகை பொருத்திய கனத்த இரும்பைத் தொங்கவிட்டு, அதன்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு பின்வாங்கிற்று என்பதை அதனோடு இணைத்த நாடாவினால் அளந்தார். சரக்கு முற்றத்தில் தனியே ஓடிவரும் வண்டி, நின்றுகொண்டிருக்கும் வண்டிகளின்மேல் மோதிப் பிணைந்து, எல்லாம் ஒருங்கே மெல்ல நகர்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். மோதியதன் எடையும், பிணைந்தவற்றின் எடையும், பின் நகர்ந்த வேகமும் தெரிந்தால், முன் வந்த வேகத்தைக் கணித்துவிடலாம். ராபின்ஸ் செய்ததும் அதுவே. துப்பாக்கிக் குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி எனக் கண்டார். காற்றின் தடை இல்லையேல் அவ்வேகத்தில் எறிந்த குண்டு 17 மைல் செல்லவேண்டும். உண்மையில் அது ஒரு மைலையும் எட்டுவதில்லை. காற்றைப் பொருட்படுத்தாது குண்டின் பாதையை வரைந்துவந்த பழைய கணக்குகள் யாவும் இதனால் சரிந்தன. 1746-இல் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

காற்று குண்டைப் பின்னிழுப்பதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பது அவர் கண்ட மற்றோர் உண்மை. வழவழப்பான குழலில் குண்டு சற்றுத் தளர்வாகவே இருக்கும். சுவரில் உரசி, ஏதோ ஓர் அச்சில் சுழன்றுகொண்டு வெளியேறும். அச்சுழற்சியே அதனை வழிதவறச் செய்கிறது என்றார் ராபின்ஸ். இதனை மெய்ப்பிக்கத் துப்பாக்கியொன்றின் வாய்ப்புறத்தைச் சிறிது இடப்புறம் வளைத்து, மெல்லிய காகிதத் திரைகளின் ஊடே சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்றது. பின்னர் திரும்பி வலப்புறம் வளைந்தது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டதனால் பெற்ற சுழற்சி அவ்வாறு திருப்பிற்று. நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் வரைந்த கணித மேதை ஆய்லர் இதனை ஏற்கவில்லை. குண்டின் உருவக் குறையே காரணம் என்றார். நூறாண்டு கழித்து மக்னஸ் என்னும் ஜெர்மானியர் ஆராய்ந்து உறுதிசெய்தபின் அவ்விளைவு மக்னஸின் பெயரையே பெற்றது. பெயர் சூட்டும் வழக்கில் நீதியை எதிர்பார்த்தல் வீண்.

இனிப் புரிக்குழலுக்கு வருவோம். நாம் ரைபிள் என வழங்கும் துப்பாக்கியின் குழலுக்குள், திருகாணியின் மரைபோல, ஆனால் மிக நீண்டு சுற்றும் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஜெர்மானியக் கொல்லர் ராபின்ஸ் காலத்திற்கு இருநூறாண்டு முன்னரே இதனைச் செய்தனர். இதனால் குறி தவறாமையும் கண்டனர். காரணம் மட்டும் அறிந்திலர். குண்டு காற்றைத் திருகுபோல் துளைக்கிறது என்றனர் சிலர். இறுக்கத்தால் வேகம் மிகுகிறது என்றனர் வேறு சிலர். 1747 ஜூலையில் ராயல் சங்கத்தின்முன் படித்த கட்டுரையில் ராபின்ஸ் இவ்விரண்டையும் மறுத்தார். குண்டு சுழலாமலிருக்கச் செய்ய இயலாது. ஆதலின் அது செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலச் செய்வதே புரியின் வேலை. அப்போது காற்று எப்பக்கம் தள்ளினும், அப்பக்கம் மறுகணமே வேறிடம் மாறிவிடுவதால் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

காரணம் விளங்கியதும் அளவும் ஆராய்தற்கு உரியதாயிற்று. எத்தனை அங்குல நீளத்தில் புரி ஒருமுறை சுற்றவேண்டும்? தீக்கல் துப்பாக்கி செய்யும் கொல்லன் முன் நிற்கும் கேள்வி இதுவே. மிக நெருக்கமாகச் சுற்றினால், மருந்து மிகும்போது மெத்தென்ற ஈயக்குண்டு புரியைப் பற்றாது அதன் மேலேறி வழுக்கி ஓடும், சுழற்சியே இராது. மிகத் தளர்த்தினால் போதிய சுழற்சி கிட்டாது. உருண்டைக் குண்டுக்குச் சிறிது சுழற்சியே போதும். நீண்ட குண்டோ தலைகுப்புறக் கவிழ முயல்வதால் மிகுந்த சுழற்சி வேண்டுவது.

குழலின் விட்டம் குறையக்குறையச் சுற்றின் நீளமும் குறையவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. அரை அங்குலக் குண்டுக்கு 60 முதல் 70 அங்குலத்திற்கு ஒரு சுற்று பொருந்துமெனின், அணில் வேட்டைக்குரிய 0.32 அங்குலக் குழலுக்கு 48 அங்குலமே தக்கது என்பது கைத்தொழிலாளர் வழக்கு. புரியின் சாய்வு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதை ஊன்றி நோக்குவார் காண்பர். சிறு குழலில் இடும் மருந்தும் சிறிது. குண்டைச் சுற்றி வைக்கும் எண்ணெய்த் துண்டும் இங்கே முக்கியம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மெல்லிய தோலையோ துணியையோ வட்டமாக நறுக்கி, நெய்ப்பூசி, அதன்மேல் குண்டை வைத்து உள்ளே தள்ளும் வழக்கத்தை ராபின்ஸே விவரித்துள்ளார். புரியைப் பற்றுவது அத்துண்டே.

முட்டை வடிவக் குண்டை அதன் கனத்த பக்கம் முன்னோக்க இடலாம் என்றும் அவர் கூறினார். புரிக்குழலின் தன்மையை முற்றும் உணர்ந்து தன் படைக்கு முதலில் வழங்கும் நாடு பிறரை மிஞ்சும் என்றும் அறிவித்தார். அவர் நாடு செவிசாய்க்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1800-இல் எசேக்கியல் பேக்கர் செய்த ரைபிளைத் தன் படைப்பிரிவொன்றுக்கு அது ஏற்றது. அதன் 30 அங்குலக் குழலில் புரி கால் சுற்றே சுற்றும். அதாவது 120 அங்குலத்திற்கு ஒரு சுற்று. 0.625 அங்குலப் பெருங்குழலாதலாலும், போர்க்களத்தில் விரைந்து குண்டு இடவேண்டியிருந்தமையாலும் பேக்கர் அவ்வளவு தளர்த்தினார்.

இதற்குள் ராபின்ஸ் மறைந்து ஐம்பதாண்டுகள் ஆகியிருந்தன. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி 1749-இல் திருப்பித் தந்தபின், தன் கோட்டைகளின் நலிவைக் கண்டு அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி, ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. வுல்விச்சில் கற்பிக்கத் தகாதவராகக் கருதப்பெற்றவர் இங்கே கட்டுவதற்குத் தகுந்தவரானார்! 1749 இறுதியில் கப்பலேறியவர் 1750 ஜூலையில் கடலூர்க் கரையில் இறங்கினார். உடன் வான்நோக்குக் கருவிகளும் கொண்டுவந்தார். அப்போது கம்பெனியின் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டையே. அதற்கும் சென்னைக் கோட்டைக்கும் புதிய அரண் வரைபடங்கள் வகுத்தார். சில திங்களில் கடுங்காய்ச்சல் கண்டது, தேறினார். மறு ஆண்டுக் கோடையில் மீண்டும் தளர்ந்தார். மேலிடத்துக்கு அறிக்கை வரைந்துகொண்டிருக்கையிலே, எழுதுகோல் கையிலிருக்க உயிர் பிரிந்தது என்பர். ஒரு திங்கள் கழிந்து ஆகஸ்டில் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டான்.

அவர் எழுத்துக்களை நண்பர் ஜேம்ஸ் வில்சன் திரட்டி 1761-இல் இரு தொகுதிகளாக லண்டனில் வெளியிட்டார். கோட்டையோ அதற்கு முன்னரே, 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலியின் கைக்குச் சென்று இடிக்கப்பட்டுவிட்டது. சென்ற முறை நாம் போயிருந்தபோது, எஞ்சிய சுவர்களினருகே பையன்கள் மட்டையும் பந்துமாக ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவன் வீசிய பந்து காற்றிலே சுழன்று, நேர் விலகி, கெடிலத்துப் பக்கம் வளைந்தது.