ஆலிவர் ஹெவிசைட்

செல்வமும் கல்லூரிக் கல்வியும் உடல்நலமும் ஒருங்கே வாய்க்கப் பெற்றோர் அரிய செயல் புரிதல் வியப்பன்று. இவற்றுள் ஒன்றேனும் நிரம்பப் பெறாத ஒருவர், உலகம் இன்றளவும் பயன் துய்க்கும் உண்மைகளைக் கண்டனர் எனின், அவர் வரலாறு மாணவராகிய நம்மாற் சிந்திக்கத் தக்கதன்றோ? அத்தகையார் ஆலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1850-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் இலண்டன் மாநகரில் காம்டன் டவுன் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் மரத்திற் சித்திரம் செதுக்குந் தொழிலினர்; குடும்பமோ வறுமையுற்றது. இளமையிற் கண்ட செங்காய்ச்சல் இவர் செவிப்புலனைக் குன்றச் செய்தது. பதினாறாம் வயதிற் பள்ளியை விட்டார். கல்லூரி வாயிலை மிதித்தாரல்லர். தந்தி நூலில் வல்லவராகிய வீட்ஸ்டன் இவர் தாயுடன் பிறந்தாளின் கணவர். ஹெவிசைட் டென்மார்க்கிலும் நியூகாஸிலிலும் தந்தித் தொழில் பார்த்து, 1874-இல் அதனைத் துறந்தார். அதன்பின் எவ்வேலையும் ஏற்றிலர். பெற்றோர் மனையில் தனித்திருந்து ஆராய்ச்சியே தொழிலாகக் கொண்டார். மாக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்நூலைத் தாமே பயின்று தெளிந்து, அந்நூலின் பல சமன்பாடுகளை நான்காகச் சுருக்கினார். இன்று மாணவர் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று கற்பன இவ்வடிவினவே.

நெடுங்கம்பி வழியே செல்லும் பேச்சு தேய்ந்தும் சிதைந்தும் சேர்வதேன் என்பதே இவரை ஆட்கொண்ட வினா. கம்பியின் தடை, மின்தூண்டல், மின்கொள்ளளவு, காப்பின் வழியே நிகழும் ஒழுக்கு ஆகிய நான்கையும் ஒருங்கு வைத்துக் கணித்தார். தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், ஒழுக்குக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தை ஒக்குமாயின், எல்லா அதிர்வுகளும் ஒரே வேகத்திற் சென்று ஒரே அளவில் தேயும். ஆதலின் ஒலி மெலியுமேயன்றி உருக்குலையாது. இதனை அவர் 1887-இல் நிறுவினார். கம்பிகளில் தூண்டல் குறைவாதலின், அதனை மிகுத்தலே வழி என்றார்.

தபால் இலாகாவின் மின்துறைத் தலைவர்களுள் ஒருவராகிய பிரீஸ், தூண்டல் தீங்கே செய்யுமெனக் கொண்டவர். அவர் எதிர்ப்பால் ஹெவிசைட்டின் கட்டுரைகள் வெளிவருதற்குத் தடைகள் நேர்ந்தன. பின்னர் 1900-இல் பூபின் என்பார் கம்பியிடையே சுருள்களை அமைக்கும் முறைக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். மூலக்கருத்தைத் தந்தவர்க்குக் கிடைத்தது யாதுமில்லை.

அவர் ஆராய்ச்சி இன்று முன்னிலும் பெரும் பயன் தருகின்றது. கணிப்பொறியின் மின்பலகையில், இணையான இரு செப்புக்கோடுகள் ஒன்றற்கொன்று எதிரான குறிகளை ஏந்திச் செல்கின்றன. பெறுமிடம் இரண்டின் வேறுபாட்டையே கொள்ளுதலின், இரண்டையும் ஒருங்கே தாக்கும் இரைச்சல் நீங்கிவிடுகின்றது. ஆயினும் நொடிக்குப் பலநூறு கோடி குறிகள் விரையுங்கால் இழப்பு மிகுகின்றது. அதிர்வு உயர உயர மின்னோட்டம் செம்பின் மேற்றோலிலேயே ஒதுங்குகின்றது. அதனால் விளையும் இழப்பு அதிர்வின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். பலகையின் காப்புப்பொருள் உண்ணும் இழப்போ அதிர்வின் அளவிலேயே வளரும். ஆதலின் பொறியாளர் ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனியே செலுத்தி, புகுந்ததும் வந்ததும் ஒப்பிட்டு, இழப்பை டெசிபலில் அளக்கின்றனர். 20 டெசிபல் இழப்பெனின் மின்னழுத்தம் பத்தில் ஒன்றாயிற்று என்பது பொருள். பின்பு, மிகத் தேய்ந்த உயரதிர்வுகளைப் பெறுமிடத்தில் உயர்த்திச் சமப்படுத்துகின்றனர். எல்லா அதிர்வும் ஒரே அளவில் தேய வேண்டும் என்ற ஹெவிசைட்டின் குறிக்கோளன்றோ இது? மின்னோட்டம் தோலில் ஒதுங்குதலையும் 1885-ஆம் ஆண்டளவிலேயே ஆராய்ந்தவர் அவரே.

1891-இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1902-இல் வானில் மின்னலைகளைத் திருப்பும் அடுக்கொன்று இருத்தல் கூடுமெனக் கூறினார். 1924-இல் ஆப்பிள்டன் சோதனையால் அது மெய்யாயிற்று. 1922-இல் பாரடே பதக்கத்தை முதன்முதற் பெற்றவரும் இவரே. எனினும் இறுதிக்காலத்தை டார்க்கீயில் வறுமையிலும் தனிமையிலும் கழித்து, 1925-ஆம் ஆண்டு பெப்ருவரி 3-ஆம் நாள் உயிர் நீத்தார்.

பதவியுடையார் மறுத்தமையால் மெய் பொய்யாகிவிடாது. பட்டமில்லார் உரைத்தமையால் அதன் மதிப்புக் குறைவதுமில்லை. தேர்வும் பட்டமும் நாடிப் பயிலும் நாம், அவையிரண்டும் இன்றியே கற்ற இவ்வறிஞரை நினைந்து, கல்வியைக் கல்விக்காகவே போற்றுவோமாக.