சிங்காரவேலரும் அந்நியக் கையும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் இராயபுரத்துத் தேநீர்க் கடைகளிலும் திருவொற்றியூர் ஆலை வாயில்களிலும் ஒரு சொல் தவறாமல் அடிபடும். எதிர்க்கட்சிக்குப் பின்னால் அந்நியக் கை இருக்கிறது என்பதே அச்சொல். சொல்பவர் எக்கட்சியினராயினும் சொல் ஒன்றுதான். இக்குற்றச்சாட்டு சில வேளைகளில் உண்மையாகவும் இருந்திருக்கிறது. பல வேளைகளில் வெறும் புழுதியாகவும் இருந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிய போது, சென்னைக் கடற்கரையில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை எனக்கு வழிகாட்டிற்று. அவரே தென்னாட்டுப் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடி ம. சிங்காரவேலர்.

கடற்கரை நிலையத்தில் இறங்கி இராஜாஜி சாலையில் நடப்போர் சிங்காரவேலர் மாளிகையைப் பார்த்திருப்பர். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த கட்டடம் அது. சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் அப்பெயரைச் சொல்லி வழி கேட்கும் நம்மில் எத்தனை பேர் அம்மனிதரை அறிவோம்? துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகிய நான், அவரைப் பற்றிப் படித்தவற்றை என் சக மாணவர்முன் வைக்க விழைகிறேன்.

குப்பத்துப் பிள்ளை

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் மயிலாப்பூருக்கு வடக்கே கடலோரத்திலுள்ள அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குடியில் பிறந்தார். தந்தை வெங்கடாசலம், தாய் வள்ளியம்மை. வலை வீசும் குலத்தில் பிறந்த பிள்ளை கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டமும் கற்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞரானது அந்நாளில் எளிய செய்தியன்று. சாதி வேற்றுமையைப் பொருட்படுத்தாமல் அங்கம்மாள் என்னும் மங்கையை மணந்தார். பௌத்த நெறியில் ஈடுபட்டு, அயோத்திதாசப் பண்டிதர் போன்றோரோடு பழகினார். ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்து, தம் இல்லத்தையே ஒரு நூலகமாக்கினார்.

1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அவரை ஈர்த்தது. தம் வழக்கறிஞர் அங்கியைப் பலர் அறியத் தீயிலிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவர் ஆலைத் தொழிலாளர் பக்கம் வந்தார்.

அதே ஆண்டில்தான் வடசென்னை கொந்தளித்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். பின்னி கம்பெனியின் வெள்ளைக்கார நிர்வாகம் அசையவில்லை. புளியந்தோப்பில் கலகம் மூண்டு, ஆகஸ்டு மாதத்தில் போலீசார் சுட்டதில் உயிர்கள் மாய்ந்தன. பசித்த தொழிலாளர்க்குத் துணை நின்றோரில் சிங்காரவேலரும் ஒருவர். ஆலை அயலாருடையது, அரசு அயலாருடையது, சுட்ட துப்பாக்கியும் அயலாருடையது. அந்நியக் கை எது என்று எவரும் தேடி அலைய வேண்டிய நிலை அன்று இல்லை.

கடல் கடந்து வந்த கடிதங்கள்

1922ஆம் ஆண்டின் இறுதியில் கயாவில் கூடிய காங்கிரசு மாநாட்டில், தாம் ஒரு பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துத் தொழிலாளர்க்காகப் பேசினார் சிங்காரவேலர். 1923 மே முதல் நாளில் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் நடந்த முதல் மே தின விழாவாக அதனைக் கூறுவர். உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையில் ஒரு கூட்டம். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மற்றொரு கூட்டம். இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி அன்றுதான் பிறந்தது. அறப்போர் வழியிலேயே உழைப்பாளர் சுயராச்சியம் அடைவது அதன் நோக்கம்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் இருந்த எம். என். ராய், மாஸ்கோவிலிருந்து இயங்கிய பொதுவுடைமை அகிலத்தின் சார்பில் இந்தியத் தோழர்களுக்குக் கடிதங்கள் எழுதி வந்தார். சிங்காரவேலருக்கும் கடிதங்கள் வந்தன; அவரும் விடை எழுதினார். இதனை மறைப்பதற்கில்லை. ஆனால் கடிதம் பெற்றவரெல்லாம் கட்டளை பெற்றவராகிவிடுவாரா? சிங்காரவேலர் தம் கட்சியைத் தம் கருத்துப்படியே அமைத்தார். அக்கட்சியின் அறிக்கையை ராய் குறைகூறி எழுதினார். எசமானன் சொற்படி ஆடும் பொம்மையாக இருந்திருந்தால் அந்தக் குறைகூறலுக்கே இடமிருந்திராது.

ஆயினும் கடிதங்களை வழியிலேயே பிரித்துப் படித்து வந்த ஆங்கில அரசு, 1924-இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கைத் தொடுத்தது. இந்தியாவின் மீது மன்னருக்குள்ள ஆளுரிமையைப் பறிக்க அயல்நாட்டாரோடு கூடிச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. முசாபர் அகமது, டாங்கே, சவுகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வருக்கும் நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சிங்காரவேலரும் சென்னையில் கைது செய்யப்பட்டார். உடல்நலம் குன்றியிருந்தமையால் அவர் கான்பூர்க் கூண்டில் நிறுத்தப்படவில்லை. பின்னர் அவர்மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஆறாயிரம் மைல் தொலைவிலிருந்து வந்து இந்நாட்டை ஆண்டவர்கள், இந்நாட்டு மீனவர் மகன் ஒருவரை அயலாரின் கையாள் என்றார்கள். யார் அயலார் என்று வரையறுக்கும் உரிமையையும் ஆளுவோரே வைத்துக்கொண்டிருந்தனர்.

இலண்டனில் ஒரு கடிதம்

அதே 1924-இல் இங்கிலாந்திலும் ஒரு கடிதம் பெரும் புயலைக் கிளப்பிற்று. அங்கு முதன்முதலாக ஆட்சிக்கு வந்திருந்த தொழிற்கட்சி, அக்டோபர் 29ஆம் நாள் பொதுத்தேர்தலைச் சந்திக்கவிருந்தது. நான்கு நாட்களுக்கு முன், அகிலத்தின் தலைவர் சினோவியேவ் பிரிட்டிஷ் பொதுவுடைமையாளருக்கு எழுதியதாக ஒரு கடிதத்தை டெய்லி மெயில் பத்திரிகை வெளியிட்டது. சோவியத் நாட்டோடு உறவு நாடிய தொழிற்கட்சி மீது ஐயம் விழுந்தது. தேர்தலில் அக்கட்சியின் இடங்கள் 191-இலிருந்து 151 ஆகக் குறைந்தன. பழமைவாதக் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

அக்கடிதம் போலி என்பதே இன்றைய வரலாற்றறிஞர் முடிவு. 1999-இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் வரலாற்றாசிரியரே ஆவணங்களை ஆராய்ந்து அவ்வாறுதான் எழுதினார். அத்தேர்தலில் தொழிற்கட்சி பெற்ற வாக்குகள் முன்னைவிடச் சுமார் 10 இலட்சம் கூடியிருந்தன என்பதும் உண்மை. ஆகவே கடிதம் ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அயல்நாட்டுத் தலையீடு என்ற பேச்சே ஒரு தேர்தல் ஆயுதமாக முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. தலையீடு ஒரு தீங்கு. தலையீடு என்று பொய் சொல்வது மற்றொரு தீங்கு. மெய்யை ஆராய்ந்து வெளியிட நான்கு நாள் போதாது. போலியென்று உரைக்க முக்கால் நூற்றாண்டு சென்றது. அதற்குள் வாக்களித்தோரில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

கான்பூரில் கொடுத்த விடை

சென்னை மக்கள் என்ன செய்தனர்? சதிகாரர் என்று அரசு முத்திரை குத்திய மனிதரை 1925-இல் சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு உறுப்பினராக அனுப்பினர். அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் உடைய சிலருக்கே உரியது. அந்தச் சிலர்கூட அரசின் குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில், வழக்கு நடந்த அதே கான்பூரில் இந்தியப் பொதுவுடைமையாளரின் முதல் மாநாடு கூடிற்று. தலைமை ஏற்றவர் சிங்காரவேலர். அயல்நாட்டுத் தொடர்பு பற்றிய விவாதமே அங்கு முதன்மை பெற்றது. மாநாட்டைக் கூட்டிய சத்தியபக்தர், கட்சிக்கு வெளிநாட்டு அகிலத்தோடு எத்தொடர்பும் கூடாது என்றார். பெயரும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி என்றே இருக்க வேண்டும் என வாதிட்டார். பிறர் அதனை ஏற்கவில்லை. உலக இயக்கத்தின் இந்தியக் கிளை என்னும் பொருள்படவே பெயர் சூட்ட விரும்பினர். சத்தியபக்தர் விலகிச் சென்றார்.

சிங்காரவேலர் தம் தலைமையுரையில் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தெளிவை வைத்தார். பொதுவுடைமை உலகுக்கெல்லாம் பொதுவானது. போல்ஷ்விசம் என்பது ருசியர் தம் நாட்டுக்கேற்ப அதற்குக் கொடுத்த வடிவம். நாம் ருசியர் அல்லர், நம் நாட்டுக்கேற்ற வழியை நாமே காணவேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். கருத்து வேறு, கட்டளை வேறு என்று நான் இதனைப் புரிந்துகொள்கிறேன். கருத்து எக்கரையிலிருந்தும் வரலாம். முடிவு இம்மண்ணில் எடுக்கப்பட வேண்டும்.

அம்மாநாட்டில் செயலாளராகத் தேர்ந்த இருவருள் ஒருவரான ஜானகி பிரசாத் பகர்ஹட்டா, பிற்பாடு போலீசின் உளவாளி என்று தோழர்களால் ஐயுறப்பட்டு விலகினார் என்பது கட்சி வரலாற்றில் காணும் செய்தி. மாஸ்கோவின் கையைத் தேடிக்கொண்டிருந்த அரசின் கையே மேடைவரை நீண்டிருந்ததாகத் தோழர்கள் ஐயுற்றனர்.

இறுதிக் காலம்

1928-இல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் முன்னின்றார். அறுபத்தெட்டு வயது முதியவரை அரசு சிறையிலிட்டது. 1930-இல்தான் வெளியே வந்தார். பின்னர்ப் பெரியாரின் குடியரசு இதழில் டார்வின் கொள்கையையும் மார்க்சின் பொருளியலையும் வானநூலையும் எளிய தமிழில் எழுதினார். இங்கிலாந்திலும் செருமனியிலும் பிறந்த எண்ணங்கள் அவர் எழுத்தில் தமிழருடைமை ஆயின. 1932-இல் ஈரோட்டில் உருவான சமதர்மத் திட்டத்திலும் அவர் பங்கு பெரிது. 1946 பிப்ரவரி 11ஆம் நாள் அவர் மறைந்தார். மறு ஆண்டு நாடு விடுதலை பெற்றது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த 1951-52 பொதுத்தேர்தலைக் காண அவர் இல்லை.

நம் காலத்து வினா

விடுதலைக்குப் பின்னும் அந்நியக் கை பற்றிய விவாதம் ஓயவில்லை. 1967 பொதுத்தேர்தலில் வெளிநாட்டுப் பணம் புகுந்ததென நாடாளுமன்றம் அமளிப்பட்டது. உள்துறை அமைச்சர் சவாண் உளவுத்துறையைக் கொண்டு விசாரித்தார். அறிக்கையோ மக்கள்முன் வைக்கப்படவில்லை. அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிகன், அமெரிக்க உளவு நிறுவனம் இருமுறை காங்கிரசுக்குப் பணம் தந்ததென்று 1978-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இந்திரா காந்தி அதனை மறுத்தார். அதற்கு முன்பே, 1976-இல், கட்சிகளும் வேட்பாளர்களும் அயல்நாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கும் சட்டம் வந்திருந்தது. ஆனால் 2016, 2018 ஆகிய ஆண்டுகளில், அயல்நாட்டு மூலம் என்பதற்கான வரையறை கட்சிகளுக்குச் சாதகமாகத் தளர்த்தப்பட்டது. 2018-இல் அத்தளர்வு 1976 வரை பின்தேதியிட்டு நீட்டப்பட்டது. மேடையில் ஒருவரையொருவர் அந்நியக் கையாள் என ஏசுவோர், சட்டத்தில் தமக்கு வாசல் திறந்துகொள்வதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

2025 பிப்ரவரியில், இந்தியாவில் வாக்குப்பதிவைக் கூட்ட அமெரிக்கா ஒதுக்கியதாகச் சொல்லப்பட்ட 2 கோடியே 10 இலட்சம் டாலரைப் பற்றி இங்கே கட்சிகள் மோதிக்கொண்டன. அத்தொகை வங்கதேசத்துக்கு உரியது என்று ஒரு நாளேடு ஆவணங்களைக் காட்டி எழுதியது. பணம் யாருக்கு வந்தது என்று தெரியுமுன்பே குற்றவாளி யார் என்று இரு தரப்பும் முடிவு கட்டிவிட்டன.

சக மாணவ நண்பர்களே! நமக்கு இப்போது வாக்குரிமை வந்திருக்கிறது. அந்நியக் கை என்ற பேச்சு இனியும் நம் காதில் விழும். அப்போது சிங்காரவேலரை நினைத்துச் சில வினாக்களைக் கேட்போம். வந்தது கருத்தா, பணமா, கட்டளையா? சான்று வெளியில் வைக்கப்பட்டதா, உறைக்குள்ளேயே இருக்கிறதா? குற்றம் சாட்டப்பட்டவருக்கு விடை சொல்ல வாய்ப்புத் தரப்பட்டதா? குற்றம் சாட்டுவோர் தம் கணக்கைக் காட்டினரா?

கான்பூர் நீதிமன்றம் சிங்காரவேலருக்கு விடை சொல்லும் வாய்ப்பைத் தரவில்லை. அவர் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தார். நம் துறைமுகத்தில் எந்நாட்டுக் கப்பலும் வந்து நிற்கலாம். இறங்கும் சரக்கை எடைபோட்டுக் கணக்கெழுதுவது நம் வேலை. வாக்குச் சாவடிக்குச் செல்லும் நாளிலும் அவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடாதிருப்போமாக.