பலூன் துணியில் ஒரு கோட்டு

எங்கள் கல்யாணில் இரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா மலை ஏறி நாசிக் பக்கம் போகும். மற்றொன்று கர்ஜத் வழியாகப் புனே போகும். 1952 முதல் 1957 வரை அந்தப் புனேப் பாதையில் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் பன்முறை சென்று வந்திருக்க வேண்டும். புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் இரண்டாவது இயக்குநர் அவர். ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச் என்பது பெயர். இரசாயனம் படிக்கும் நம்மில் பலர் அவரை எலெக்ட்ரான் சிதறல் ஆராய்ச்சிக்காக அறிவோம். ஆனால் நான் அவரைத் தேடிப் படித்தது அதற்காக அன்று. ஒரு கூடாரம் ஒழுகியதற்காக. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஃபிஞ்ச் 1888-ல் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஆரஞ்சு என்னும் ஊரருகே பிறந்தார். சிறுவயதில் அவ்வூர்க் கனோபோலாஸ் குன்றின் உச்சியிலிருந்து உலகைப் பார்த்த நாளே மலைப்பித்துப் பிடித்துவிட்டதாம். பின் தாயார் லாராவுடன் ஐரோப்பா சென்றார். பாரிசில் இருந்த காலத்தில் தம்பி மாக்ஸுடன் நோத்ருதாம் தேவாலயத்தின் சுவரிலேயே ஏறிப் பார்த்தவர் அவர்! சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஆல்ப்ஸ் மலைதான். அக்காலத்து ஆங்கிலக் கனவான்கள் கூலிக்கு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டே பெரும்பாலும் மலையேறினர். ஃபிஞ்ச் சகோதரர்களோ வழிகாட்டியின்றித் தாமே ஏறினர். 1913 முதல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆசிரியர் பணி. இடையில் முதல் உலகப் போர்.

எவரெஸ்டுக்கு 1921-ல் முதல் குழு புறப்பட்டபோது, மருத்துவப் பரிசோதனையைக் காரணம் காட்டி அவரை விலக்கினர். காரணம் நுரையீரலா, தலைமயிரா என்று எனக்கு இன்றும் ஐயம். அவர் முடியை நீள வளர்த்தவர், மணமுறிவு கண்டவர், ஆங்கிலப் பெரும்பள்ளிகளில் படிக்காதவர், மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர். இலண்டன் மேன்மக்கள் சங்கத்துக்கு இத்தனை குற்றங்கள் போதாவா? ஆயினும் 1922-ல் அவரை விட்டுச் செல்ல முடியவில்லை. பிராணவாயுக் கருவியை நன்கறிந்தவர் அவராகவே இருந்தார்.

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் டிரேயரின் கூடத்தில் ஒரு இரும்பு அறை இருந்தது. அதனுள் ஆளை அமர்த்திக் காற்றை உறிஞ்சி எடுத்தால் இருந்த இடத்திலேயே மலையுச்சி வந்துவிடும். ஃபிஞ்ச் அதனுள் நுழைந்து முதுகில் சுமையோடு நாற்காலியில் ஏறி இறங்கிப் பார்த்தார். பிராணவாயுவோடும் பார்த்தார், இல்லாமலும் பார்த்தார். பிறர் வாதாடிக்கொண்டிருந்த கேள்விக்கு அவர் தம் உடம்பிலேயே விடை கண்டார்.

வாதம் என்ன? பிராணவாயுவைச் சுவாசித்து ஏறுவது விளையாட்டு நெறிக்கு மாறு என்றனர் ஒரு சாரார். சட்டை அணிவதும் செருப்பு அணிவதும் மட்டும் எந்த நெறியோ! மேலும் கருவியின் கனம் ஏறத்தாழ 32 பவுண்டு, அதாவது பதினான்கரைக் கிலோ. நான்கு எஃகுக் குப்பிகள், குழாய்கள், முகமூடி. அதைச் சுமப்பதில் போகும் சக்தி, அது தரும் சக்தியைவிட அதிகம் என்றும் சிலர் கணக்குப் போட்டனர். திபெத்து வழியே நடந்து செல்கையில் ஃபிஞ்ச் எல்லாரையும் அழைத்துக் கருவியை மாட்டிக் கழற்றப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் சலித்துக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் பெட்டிகளைத் திறந்தபோது வறண்ட காற்றில் வாஷர்கள் காய்ந்து இணைப்புகள் ஒழுகின. கொண்டுவந்த முகமூடிகள் மூச்சுத் திணறச் செய்தன. ஃபிஞ்ச் பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்தார். கால்பந்துக்குள் வைக்கும் ரப்பர்ப் பையையும் கண்ணாடிக் குழாயையும் இணைத்துப் புதிய வாய்க்குழாய் செய்தார். வேலை செய்தது அதுதான்.

இனி அந்தக் கோட்டு. மற்றவர்கள் கம்பளி, பட்டு, ட்வீடு என்று அடுக்கடுக்காக அணிந்திருந்தனர். ஃபிஞ்ச் பலூன் செய்யும் துணியை வாங்கி, உள்ளே ஐடர் வாத்தின் மென்தூவியை அடைத்து, முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் கோட்டு ஒன்று தைத்திருந்தார். குழுவினர் அதைப் பார்த்துச் சிரித்தனர். காரணம் எளிது: அப்படி ஒன்றை அவர்கள் கண்டதில்லை. ஆனால் கோட்டின் இயற்பியலில் சிரிக்க ஒன்றுமில்லை. வெப்பத்தைக் கடத்துவதில் அசையாத காற்று மிக மோசம்; தூவி அக்காற்றைச் சிறைபிடிக்கிறது; பலூன் துணி வெளிக்காற்றைத் தடுக்கிறது. குளிர் ஏற ஏறச் சிரிப்பு குறைந்தது. பொறாமை வந்தது. இன்று உலகெங்கும் மலையேறுவோர் அணியும் பஞ்சு போன்ற கோட்டுகளுக்கு இதுவே முன்னோடி.

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் நாங்கள் ஐவர் கல்யாண் பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறி மால்ஷேஜ் கணவாய் வழியாக ஹரிச்சந்திரகட் சென்றோம். உயரம் 1,424 மீட்டர். எவரெஸ்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மலிவாக வாங்கிய கூடாரம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைச் சோதித்தோமா என்றால், சோதித்தோம்: மே மாதத்து வெயிலில், எங்கள் மொட்டை மாடியில்! நிமிர்ந்து நின்றது, போதும் என்று மடித்துவிட்டேன். மலைமேல் அன்றிரவு மழை பக்கவாட்டில் அடித்தது. தையல் வழியே நீர் இறங்கிப் போர்வைகள் ஊறின. எங்களில் இளையவன் முதலில் நடுங்கினான், பின் நடுக்கம் நின்றது, பேச்சு குழறியது. நடுக்கம் நின்றதும் நலமாகிவிட்டான் என்று நான் எண்ணினேன். அது எதிரான அறிகுறி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. குகையில் தங்கியிருந்த கிராமத்தார் அவன் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளி சுற்றி, நினைவு தெளிந்தபின் வெந்நீர் கொடுத்தனர். அவன் பிழைத்தான். கூடாரத்தைத் தேர்ந்தவன் நான். இரசாயன மாணவனும் நான்தான்.

எவரெஸ்டுக்குத் திரும்புவோம். 1922 மே மாத இறுதியில் ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூஸும் கூர்க்கா வீரர் தேஜ்பீரும் 25,500 அடியில் கூடாரமடித்தனர். புரூஸ் அதற்குமுன் மலையேற்றமே பழகாத இராணுவ அதிகாரி. புயல் வந்தது. கூடாரம் பறந்துவிடாதிருக்க அதன் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு கிடந்தனர். இரண்டாம் இரவில் கைகால் மரத்துச் சாவு நெருங்குவதுபோல் இருந்தது. ஃபிஞ்சுக்கு ஒரு யோசனை தோன்றியது: குப்பியைத் திறந்து இரவு முழுவதும் சிறிது சிறிதாகச் சுவாசித்தால் என்ன? சுவாசித்தனர்; உடம்பில் சூடேறியது; உறங்கினர். பிராணவாயு ஏறுவதற்கு மட்டுமன்று, உறங்குவதற்கும் உதவும் என்று மலையில் கண்டது அந்த இரவில்தான். (சிகரெட் புகைத்தாலும் உயரத்தில் மூச்சு எளிதாகும் என்று அவர் நம்பினார். எல்லாச் சோதனையிலும் அவர் தேறவில்லை.)

மே 27 காலை புறப்பட்டனர். தேஜ்பீர் சுமை தாளாமல் 26,000 அடியில் திரும்பினார். இருவரும் 27,300 அடி வரை ஏறினர். அதுவரை மனிதர் எட்டிய உயரங்களில் அதுவே அதிகம். ஆறு நாள் முன் பிராணவாயு இல்லாமல் ஏறிய மாலரி குழு 26,985 அடியில் நின்றிருந்தது. அங்கே புரூஸின் கருவியில் ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தது. ஃபிஞ்ச் தம் வாயுவையே இருவரும் சுவாசிக்க வழிசெய்து, கையில் வைத்திருந்த மாற்றுக் குழாயைப் பொருத்தினார். உச்சிக்கு இன்னும் 1,700 அடி. தாம் மட்டும் தொடரலாம். ஆனால் புரூஸ் உயிரோடு இறங்குவது ஐயம். ஃபிஞ்ச் திரும்பினார். அன்று மாலையே 21,000 அடி முகாம் வரை இறங்கிவிட்டனர்.

1924 பயணத்துக்கு அவரை அழைக்கவில்லை. சொற்பொழிவு வருமானம் யாருக்கு என்பதில் குழுவோடு ஏற்பட்ட சச்சரவு ஒரு காரணம். பிராணவாயுவை விரும்பாதிருந்த மாலரி அவ்வாண்டு அதையே சுமந்து இர்வினோடு ஏறி மறைந்தார். 1953-ல் ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சியடைந்தபோதும் முதுகில் பிராணவாயு இருந்தது. அப்போது ஃபிஞ்ச் புனேயில் இயக்குநர் நாற்காலியில் இருந்தார்.

நம்மவர்க்கு இரண்டு செய்திகள். அவர் தம் தாயிடம் விட்டுவிட்ட சிறுவன் பீட்டர் 1925-ல் பாட்டியோடு சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்து சில மாதம் இருந்தான். பின்னாளில் புகழ்பெற்ற நடிகன். மற்றொன்று, 1957-ல் ஃபிஞ்சுக்குப்பின் அந்த ஆய்வுக்கூடத்தை ஏற்றவர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன்; அதன் முதல் இந்திய இயக்குநர். மாட்டுங்காவில் சாய இரசாயனம் வளர்த்தவரும் அவரே. ஃபிஞ்ச் 1959 முதல் 1961 வரை, தம்மை ஒருகாலத்தில் ஒதுக்கியோர் நிறைந்த ஆல்பைன் கழகத்துக்கே தலைவரானார். 1970-ல் மறைந்தார்.

தூவிக் கோட்டு நமக்கு உதவாது. சஹ்யாத்ரி மழையில் நனைந்தால் தூவி ஒட்டிப்போகும், காற்று தங்காது. ஆகவே இப்போது ஞாயிறுதோறும் எங்கள் மாடியில் கூடாரத்தை நிறுத்திக் குடம் குடமாக நீர் ஊற்றுகிறேன். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது என்ன கூத்து என்று அம்மா கடிந்துகொள்கிறார். மூன்று தையல்களுக்கு மெழுகு பூசியாயிற்று. வாசலருகே உள்ள நான்காவது இன்னும் கசிகிறது.