அளவு பார்த்துக் கொடுத்த டாக்டர்

ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து கொடுத்ததும் தூங்கிப் போகிறோம். முடிந்ததும் கண் விழித்து அம்மா முகத்தைப் பார்க்கிறோம். நடுவில் நம் உயிரை யார் பார்த்துக்கொண்டார்கள்? நான் இதை யோசிச்சதே இல்லை. ஜான் ஸ்னோவைப் பற்றிப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

ஸ்னோ 1813-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். 14 வயதிலேயே வீட்டை விட்டு நியூகாசில் போய் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகினார். பிறகு லண்டனில் படித்து டாக்டரானார்.

1846-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அந்த வருஷமே அது லண்டனுக்கும் வந்தது. ஆனால் சிலருக்கு மயக்கம் வந்தது, சிலருக்குச் சரியாக வரவில்லை. காற்று சூடாக இருந்தால் ஈதர் ஆவி அதிகம் கலக்கும், குளிர்ந்தால் குறையும் என்று ஸ்னோ கணக்குப் போட்டார். தண்ணீருக்குள் வைத்துச் சூட்டை ஒரே அளவாக வைக்கும் கருவியும் செய்தார்.

1847-ல் குளோரோபார்ம் வந்தது. அதைத் துணியில் ஊற்றி மூக்கில் வைத்தார்கள். 1848 ஜனவரியில் நியூகாசில் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்க அப்படித்தான் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் இறந்துவிட்டாள். வயசு 15தான். நம்ம பத்தாம் வகுப்பு அக்காக்கள் வயசு! படிச்சப்ப எனக்கு மனசே சரியில்லை.

துணியில் ஊற்றினால் மூச்சோடு எவ்வளவு போகிறது என்று தெரியாது, அதுதான் ஆபத்து என்று ஸ்னோ கண்டார். விலங்குகளிடமும் தன்னிடமே கூடவும் சோதித்தார். ஒவ்வொரு நோயாளியையும் நோட்டில் குறித்து வைத்தார். 4000 பேருக்கு மேல் குளோரோபார்ம் கொடுத்தார். 1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தின்போது கொடுத்தவரும் இவர்தான். 1854-ல் லண்டனில் காலரா பரவியது ஒரு தெருக் குழாயின் தண்ணீரால் என்று காட்டியவரும் இவரேதான்!

மயக்கத்தில் இருக்கும்போது வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு குறைவதையும் ஸ்னோ அளந்தார். உடம்புக்குள் நடக்கும் ஆக்ஸிஜனேற்றத்தை மருந்து குறைக்கிறது என்று நினைத்தார். மயக்கம் வருவதற்கு அதுவே காரணம் என்பதை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் கேள்வி மட்டும் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, ஆக்ஸிஜனிலிருந்து வரும் சில துகள்கள் மூளைச் செல்களையும் கெடுக்கும். புரோபபால் போன்ற மயக்க மருந்துகள் அதைத் தடுக்கலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. அதே சமயம், குட்டி விலங்குகளுக்கு ரொம்ப நேரம் கொடுத்தால் மூளைச் செல்கள் சாகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். மனிதர்களுக்கு நன்மை உண்டா என்பது இன்னும் உறுதியாகவில்லை. காப்பதும் கெடுப்பதும் அளவைப் பொறுத்துதான் போல!

1858-ல் குளோரோபார்ம் பற்றிய புத்தகத்தை எழுதி முடிக்கும் தறுவாயில் ஸ்னோ நோயில் விழுந்து இறந்தார். வயது 45. அடுத்த தடவை ஆபரேஷன் தியேட்டரில் தலைமாட்டில் நிற்கும் டாக்டரைப் பார்த்தால், நான் ஸ்னோவை நினைத்துக்கொள்வேன். ஹன்னாவையும்தான்.