காகிதப் பைக்காக வழக்காடிய மார்கரெட் நைட்



கண்டுபிடிப்பாளர் என்றதும் நமக்கு எடிசன், கிரகாம்பெல், ஜேம்ஸ் வாட் என்றுதான் பெயர் வரும். எல்லாம் ஆண்கள் பெயர். இந்த இதழில் நான் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் மார்கரெட் நைட். அமெரிக்காவில் அவரைப் பெண் எடிசன் என்று சொல்வார்கள். அவரைப் பற்றி எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னாங்க. கேட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எங்க ஆயாவைப் பற்றி ஒரு விஷயம். ஆயா பழைய பேப்பரை வெட்டி, மைதா பசை காய்ச்சி, கவர் ஒட்டி மளிகைக் கடைக்குக் கொடுப்பாங்க. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததில் இருந்து கடைக்காரர்கள் பேப்பர் கவரை நிறையக் கேட்கிறார்கள். ஆயா ஒட்டும் கவர் தபால் உறை மாதிரி தட்டையாக இருக்கும். மல்லாட்டை போட்டுக் கட்டலாம். ஆனால் மேசை மேல் நிற்க வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். நிற்கிற பை வேண்டும் என்றால் அடிப்பக்கத்தைச் சதுரமாக விரித்து மடித்து ஒட்ட வேண்டும். அதற்கு ரொம்ப நேரம் ஆகும், ஆயாவுக்கு இடுப்பு வலி வந்துவிடும். அந்த வேலையை எந்திரம் செய்ய வைத்தவர்தான் மார்கரெட் நைட்.

பிறப்பும் இளமையும்

மார்கரெட் 1838-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் உள்ள யார்க் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். மற்ற பெண் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடும்போது மார்கரெட்டுக்குக் கத்தியும் துளைபோடும் ஊசியும் மரத்துண்டும்தான் பிடிக்கும். அண்ணன்களுக்குக் காற்றாடியும், பனியில் சறுக்கும் வண்டியும் செய்து கொடுப்பார். இது என்ன பொண்ணு, பையன் மாதிரி இருக்குதே என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் குடும்பம் மான்செஸ்டர் என்ற ஊருக்குப் போனது. இது இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் இல்லை, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ளது. அங்கே பெரிய பெரிய பஞ்சாலைகள் இருந்தன. வறுமையால் மார்கரெட்டும் சின்ன வயதிலேயே ஆலை வேலைக்குப் போனார். அவருக்குச் சுமார் 12 வயது இருக்கும்போது ஒரு விபத்தைப் பார்த்தார். தறியில் நூலை இழுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடும் நாடாவின் முனையில் இரும்பு பொருத்தி இருக்கும். நூல் அறுந்ததும் அந்த நாடா தெறித்து வந்து ஒரு தொழிலாளியைக் குத்திவிட்டது. நாமாக இருந்தால் பயந்து அழுதிருப்போம். மார்கரெட் யோசித்தார். நாடா வெளியே தெறிக்காமல் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அது மற்ற ஆலைகளுக்கும் பரவியது. ஆனால் காப்புரிமை என்று ஒன்று இருப்பதே அந்தச் சிறுமிக்குத் தெரியாது. அதனால் அவருக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை.

காப்புரிமை என்றால் என்ன? பேட்டன்ட் என்று பேப்பரில் போடுகிறார்களே, அதுதான். புதிதாக ஒரு பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட காலம் வரை அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசாங்கம் கொடுக்கும் உரிமை.

பை செய்யும் எந்திரம்

வளர்ந்த பிறகு மார்கரெட் பல வேலைகள் பார்த்தார். 1867-ஆம் ஆண்டு வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரில் கொலம்பியா காகிதப் பை கம்பெனியில் சேர்ந்தார். தட்டைக் கவர் செய்யும் எந்திரம் அப்போதே இருந்தது. நிற்கிற பையை மட்டும் ஆட்கள் கையால் மடித்து ஒட்டினார்கள். அதனால் விலை அதிகம். எண்ணிக்கையும் குறைவு.

இதை ஏன் எந்திரத்தால் செய்ய முடியாது என்று மார்கரெட் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அன்றன்றைக்குத் தோன்றியதை எல்லாம் நோட்டில் படமாக வரைந்தார். அந்த எந்திரம் செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். காகிதச் சுருளை இழுக்க வேண்டும். குழாய் மாதிரி மடித்து ஒட்ட வேண்டும். ஒரே அளவாக வெட்ட வேண்டும். வெட்டிய முனையைப் பிரித்து விரித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி மடித்து, பசை தடவி, அடியைத் தட்டையாக அழுத்த வேண்டும். விரல் செய்கிற வேலையை இரும்பு செய்ய வேண்டும்! பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் இந்த வேலை என்று உழைத்தார். கடைசியில் மரத்தால் ஒரு மாதிரி செய்தார். அது ஆட்டம் கண்ட எந்திரம்தான். ஆனாலும் ஆயிரம் பைகள் வரை செய்து காட்டியது.

திருட்டு

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால் கண்டுபிடிப்பின் மாதிரியையும் தர வேண்டும். அதனால் மார்கரெட் தன் எந்திரத்தை இரும்பில் செய்து வாங்க பாஸ்டன் நகரில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தார். அங்கேதான் வினை வந்தது. சார்லஸ் அன்னன் என்று ஒருவர் அந்தப் பட்டறைக்கு வந்தார். எந்திரத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். போனவர் அதே மாதிரி செய்து, தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக் காப்புரிமை வாங்கிவிட்டார்!

மார்கரெட் விண்ணப்பித்தபோது, இது ஏற்கெனவே இன்னொருவர் பெயரில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். ராத்திரி பகலாக வரைந்தது, செதுக்கியது எல்லாம் போச்சு. வேற யாராவது இருந்தா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாங்க. மார்கரெட் வக்கீல் வைத்தார். வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் வழக்குப் போட்டார். விசாரணை 16 நாட்கள் நடந்தது. அதற்கு ஒரு நாளைக்கு 100 டாலர் செலவு. பை கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சிக்கலான எந்திரம் புரியவே புரியாது என்று எதிர்த் தரப்பில் வாதாடியதாகச் சொல்வார்கள். அதற்கு மார்கரெட் பேச்சால் பதில் சொல்லவில்லை. தன் நோட்டை எடுத்து வைத்தார். 1867 முதல் வரைந்த படங்கள், எழுதிய குறிப்புகள், மர மாதிரி எல்லாவற்றையும் காட்டினார். அவர் வேலை செய்ததைக் கூட இருந்து பார்த்தவர்களும், எந்திரம் செய்து கொடுத்த பட்டறைக்காரர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். அப்போது அங்கே இருந்த சட்டப்படி யார் முதலில் விண்ணப்பித்தார் என்பது முக்கியம் இல்லை, யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதுதான் முக்கியம். தீர்ப்பு மார்கரெட் பக்கம் வந்தது. 1871-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி 1,16,842 என்ற எண்ணில் காப்புரிமை அவர் பெயரில் பதிவானது.

நம்ம ஊர் ரோடும் காப்புரிமையும்

இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நம்ம ஒலக்கூர் பக்கம் போகிறதே ஜி.எஸ்.டி. ரோடு, அதே ரோட்டில் சென்னை பக்கம் போனால் கிண்டியில் இந்திய அரசின் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என்று நாட்டில் நான்கே ஊர்களில்தான் இந்த அலுவலகம் உள்ளது. அதில் ஒன்று நம்ம ரோட்டிலேயே! இன்னொரு பெருமையும் உண்டு. இப்போது நடைமுறையில் உள்ள 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்துக்கு அடிப்படையாக இருந்தது, நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கை. அவர் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

விண்ணப்பம் போனால் அங்கே உள்ள அதிகாரி அதைப் பரிசோதிப்பார். முக்கியமாக மூன்று கேள்வி. இது உலகத்தில் எங்கேயும் இதுவரை வெளிவராத புதுசா? அந்தத் தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாத யோசனையா? தொழிலில் செய்து பயன்படுத்த முடியுமா? உதாரணமாக, ஆறு பாட்டிலை ஒரே கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒரு அட்டைத் தாங்கி செய்து விண்ணப்பித்தால், அட்டைப் பெட்டிக்கு என்ன காப்புரிமை என்று சிரிக்க மாட்டார்கள். எந்த மடிப்பு புதிது, எந்த வெட்டு புதிது, கைப்பிடி ஏன் கிழியாது என்று பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்பார்கள். நாம் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 20 ஆண்டுகளுக்கு உரிமை.

நம் நாட்டில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முன்னுரிமை. அமெரிக்காவும் 2013-இல் அப்படி மாறிவிட்டது. ஆனால் திருடி விண்ணப்பித்தால் கண்டுபிடித்தவர் எதிர்த்து மனு கொடுக்கலாம். அதற்கும் ஆதாரம் வேண்டும். இன்னொரு நல்ல செய்தி. விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருந்தாலே சீக்கிரம் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று 2019-இல் இந்தியாவில் விதி வந்தது. பெண்ணுக்கு எந்திரம் புரியாது என்று பேசிய காலம் எங்கே, இது எங்கே!

பிற்காலம்

வழக்கில் ஜெயித்த மார்கரெட் ஒரு பங்குதாரரோடு சேர்ந்து ஹார்ட்போர்டு நகரில் ஈஸ்டர்ன் காகிதப் பை கம்பெனியை நடத்தினார். 1879-இல் பை எந்திரத்தை இன்னும் மேம்படுத்தி மறுபடியும் காப்புரிமை வாங்கினார். அதோடு நிற்கவில்லை. ஜன்னல் சட்டம், எண் அச்சிடும் எந்திரம், செருப்புக்குத் தோல் வெட்டும் எந்திரம், வயதான காலத்தில் மோட்டார் எஞ்சின் என்று இருபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி தம் 76-ஆம் வயதில் காலமானார். அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு சுமார் 275 டாலர்தான். பெரிய பணக்காரராக ஆகவில்லை. ஆனால் அவர் பெயரை யாராலும் அழிக்க முடியவில்லை. அவருடைய பை எந்திரத்தின் மாதிரி இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2006-இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

நான் சொல்ல வேண்டியது

எனக்குத் தூக்கம் வராத காரணத்தை இப்போது எழுதுகிறேன். போன வருஷம் அறிவியல் கண்காட்சியில், கழனியில் வேலை செய்பவர்களுக்கு ஆறு டம்ளர் டீயைச் சிந்தாமல் எடுத்துப் போகிற அட்டைத் தாங்கி ஒன்று வைத்தோமே, ஞாபகம் இருக்கா? அதற்குப் பரிசு கிடைத்தது. சான்றிதழில் என் பெயர் மட்டும் இருந்தது. எல்லாரும் கை தட்டினீங்க. ஆனால் அதை யோசித்தது, வெட்டியது, நாலு தடவை கிழிந்தும் மடிப்பை மாற்றி மாற்றி ஒட்டியது எல்லாம் என் தோழி. அவளுக்குக் கூச்சம், பேச வராது. நான் நன்றாகப் பேசுவேன் என்று நடுவர்களிடம் விளக்கம் மட்டும் சொன்னேன். பெயர் தப்பா வந்திருக்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மார்கரெட் நைட் கதையைக் கேட்டபோது வகுப்பில் எல்லாரும் அந்த அன்னனைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சான்றிதழை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் சம்மதித்தால் அடுத்த இதழில் அவள் பெயரோடு, அவளே வரைந்த படத்தோடு அந்தத் தாங்கியைப் பற்றி எழுதுவோம். இப்போது அவள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி போடுகிறாள். சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன்.

தோழிகளே, தோழர்களே! உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடாதீங்க. வரைந்து தேதி போட்டு வையுங்க. அடுத்தவர் செய்ததாக இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்க. இனி கடையில் காகிதப் பை சாயாமல் நிற்பதைப் பார்த்தால் மார்கரெட் நைட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஒலக்கூர்.