ஊடுகதிர் கண்ட ராண்ட்ஜன்

பட்டு நெசவால் பெயர் பெற்ற ஆரணி வட்டாரத்து ஊர்களுள் ஒன்று தேசூர். அவ்வட்டாரத்தில் தறிக்காரரிடம் பட்டையும் சரிகையையும் ஒப்படைக்கும்போது நிறுத்து எழுதுவர். நெய்த சேலை திரும்பி வரும்போது மீண்டும் நிறுத்து எழுதுவர். எடை குறைந்தால் காரணம் கேட்பர். பொருள் எது, அது யாரிடம் இருக்கிறது, எந்நிலையில் இருக்கிறது என்னும் மூன்றும் ஏட்டில் இருத்தல் வேண்டும் என்பது அங்கு எழுதப்படாத சட்டம்.

கல்லூரியிலும் இத்தகைய வழக்கம் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஒரு துறையின் பொருள்களை வேறொரு துறையினர் இருப்புச் சரிபார்ப்பர். அம்முறையில் தமிழாசிரியனாகிய யானும் பதிவேட்டைக் கையில் ஏந்தி இயற்பியல் ஆய்வுக்கூடத்துள் நுழைந்ததுண்டு. பெயரன்றிப் பயன் அறியாத கருவிகளை எண்ணிக் குறியிட்டு மீண்டபோது, இஃதொரு சடங்கு என்றே கருதினேன். அக்கருத்தை மாற்றியது ஒரு பெருமகனாரின் வாழ்க்கை வரலாறு. அவரே ஊடுகதிரைக் கண்டறிந்த வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன்.

இளமையும் இடர்ப்பாடும்

ஜெர்மனி நாட்டில் துணி நெசவால் செழித்த லென்னப் என்னும் சிற்றூரில் 1845-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் ராண்ட்ஜன் பிறந்தார். தந்தையார் துணித் தொழிலில் ஈடுபட்டவர். மகனுக்கு மூன்று வயது நிரம்பியபோது குடும்பம் ஆலந்து நாட்டிற்குக் குடிபெயர்ந்தது. அங்கு, உட்ரெக்ட் நகரப் பள்ளியில் பயின்ற நாளில், ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து வேறொரு மாணவன் வரைந்த படத்திற்காகப் பழி இவர்மேல் விழுந்தது. வரைந்தவன் பெயரைச் சொல்ல மறுத்தார், பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். அதனால் பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாமலே போயிற்று.

சான்றிதழ் இல்லாதவரையும் நுழைவுத் தேர்வின் வழியே ஏற்றுக்கொண்டது சூரிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரி. 1865-இல் அங்குச் சேர்ந்து எந்திரப் பொறியியல் கற்றார். 1869-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆகஸ்ட் குண்ட் என்னும் இயற்பியல் பேராசிரியருக்கு உதவியாளராகி வூர்ட்ஸ்பர்க் சென்றபோது, பழைய சான்றிதழ்க் குறை மீண்டும் குறுக்கே நின்றது. அப்பல்கலைக்கழகம் இவருக்கு ஆசிரியப் பதவிக்கான தகுதியை வழங்க மறுத்தது. ஸ்ட்ராஸ்பர்க், ஹோஹன்ஹைம், கீசன் எனப் பல ஊர்களில் பணியாற்றியபின், 1888-இல் அதே வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-இல் தன் தலைமைப் பொறுப்பிலும் அமர்த்தியது. காலம் செய்யும் விந்தைகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

கண்டுபிடிப்பு

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் மாலை. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தி ஆய்ந்து கொண்டிருந்தார் ராண்ட்ஜன். குழாயைக் கருந்தாளால் முற்றும் மூடியிருந்தார்; அறையும் இருண்டிருந்தது. ஆயினும் சற்றுத் தொலைவில் கிடந்த, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய தாள் ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஒன்று கருந்தாளை ஊடுருவி வருகிறது என்பதை உணர்ந்தார். இன்னதென அறியப்படாத அதற்கு எக்ஸ் கதிர் எனப் பெயரிட்டார்.

அதன்பின் ஏழு வாரங்கள் ஆய்வுக்கூடமே அவருக்கு உலகமாயிற்று. டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியார் அன்னா பெர்த்தாவின் கையை அக்கதிரில் படமெடுத்தார். எலும்புகளும் விரலில் இருந்த மோதிரமும் அப்படத்தில் தெரிந்தன. டிசம்பர் 28-ஆம் நாள் தம் ஆய்வுரையை வூர்ட்ஸ்பர்க் நகரின் இயற்பியல் மருத்துவக் கழகத்திடம் அளித்தார்.

அவ்வுரையின் அமைப்பு நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 17 எண்ணிட்ட பகுதிகளைக் கொண்ட சிறு கட்டுரை அது. ஆரவாரம் சிறிதுமில்லை. ஏறத்தாழ 1000 பக்கமுள்ள நூல், சீட்டுக்கட்டு, மரம், அலுமினியம் எனப் பொருள் பொருளாக வைத்து, கதிர் எதை ஊடுருவுகிறது, எதனால் தடைப்படுகிறது என வரிசையாகப் பதிவு செய்திருந்தார். ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈயத் தகட்டை அக்கதிர் ஏறக்குறைய ஊடுருவவில்லை என்பதும் அப்பதிவுகளுள் ஒன்று. கதிரின் ஆற்றலை உலகுக்கு அறிவித்த அதே கட்டுரை, கதிரைத் தடுக்கும் கேடயத்தையும் அறிவித்துவிட்டது!

கேடயத்தை மறந்தவர்கள்

உலகம் முதற் செய்தியை விரைந்து பற்றிக்கொண்டது, இரண்டாவதைப் பற்றிக்கொள்ளவில்லை. 1896-ஆம் ஆண்டு பிறந்த சில வாரங்களுக்குள் பல நாடுகளில் ஊடுகதிர்க் குழாய்கள் இயங்கத் தொடங்கின. மருத்துவர்கள் எலும்பு முறிவைக் கண்டனர். கேளிக்கை நாடியோர் தம் கையெலும்பைக் கண்டு வியந்தனர். குழாய் செவ்வனே இயங்குகிறதா என்று அறிய, இயக்குபவர் தம் கையையே நாள்தோறும் கதிரில் நீட்டிப் பார்த்தனர். இக்கருவிகள் எத்தனை, அவை எங்குள்ளன, எவர் எவ்வளவு நேரம் கதிரில் நின்றார் என்பதற்குக் கணக்கேதும் இல்லை.

விளைவு கொடிதாயிற்று. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவரின் கைகள் புண்ணாகிப் புற்றாயின. கைகள் துண்டிக்கப்பட்டும் பயனின்றி 1904-இல் அவர் உயிர் நீத்தார். எடிசன் ஊடுகதிர் ஆய்வையே கைவிட்டார். இவ்வாறு மடிந்த மருத்துவர்கள், அறிவியலார், செவிலியர் ஆகியோருக்கு 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. முதலில் அதில் பொறிக்கப்பட்ட பெயர்கள் 169.

ராண்ட்ஜன் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஒளிப்படத் தகடுகள் கெடாதிருக்கத் துத்தநாகத் தகட்டாலான பெரும்பெட்டி ஒன்றை அமைத்து, ஈயத் தகட்டையும் சேர்த்து, குழாயை வெளியே வைத்துத் தாம் உள்ளிருந்து ஆய்ந்தார். தகடுகளைக் காக்க வைத்த ஏற்பாடு ஆய்ந்தவரையும் காத்தது. ஒழுங்கு என்பது தான் அறியாத நன்மைகளையும் தரவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெருந்தன்மை

1901-ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட இயற்பியல் நோபெல் பரிசு ராண்ட்ஜனுக்கே கிட்டியது. பரிசுத் தொகையை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிக்கு ஈந்தார். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற மறுத்தார். அது மாந்தர் அனைவர்க்கும் உரியது என்பது அவர்தம் கொள்கை. உயர்குடிப் பட்டம் அளிக்க அரசு முன்வந்தபோதும் ஏற்றாரில்லை.

1900 முதல் மூனிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1919-இல் மனைவியாரை இழந்தார். முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்புச் சரிந்தபோது அவர்தம் சேமிப்பும் கரைந்தது. உலகெங்கும் மருத்துவமனைகளில் அவர் கண்ட கதிர் பயன்பட்டு வந்த காலத்தில், அதனால் ஒரு காசும் ஈட்டாத அப்பெருமகனார் 1923-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் குடற்புற்றால் மறைந்தார். அவர் விருப்பப்படி அவர்தம் ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் பெரும்பாலும் எரிக்கப்பட்டன. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப்பின், 1928-இல், ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய கதிரியல் மாநாடு கதிர்ப் பாதுகாப்புக்கென அனைத்துலகக் குழு ஒன்றை அமைத்தது. 169 பெயர்களுள் பலவும் அதற்குமுன் மடிந்தோருடையவை என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டில்

ராண்ட்ஜனின் கதிர் தமிழகத்திற்கும் பெரும்பயன் விளைத்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிலையம் நிறுவப்பட்டது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, ஊடுகதிர் விளிம்பு விளைவைக் கொண்டு கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை விளக்கினார். பட்டு இழையின் உள்ளமைப்பை அறிவியலார் அறிந்ததும் இதே முறையால்தான் என்பது நெசவாளர் ஊரினர் அறிந்து மகிழத்தக்கது.

இத்தகைய கருவிகளைக் கண்காணிக்க 1983-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் கதிர்ப் பாதுகாப்பு விதிகள், மருத்துவ ஊடுகதிர்க் கருவிகளோடு, ஆய்வுக்குப் பயன்படும் பகுப்பாய்வு ஊடுகதிர்க் கருவிகளும் வாரியத்திடம் பதிவு செய்யப்பட வேண்டும் என வகுத்தன. கதிர்ப்பணியாளர் மார்பில் அணியும் சிறு பட்டை, அவர் பெற்ற கதிரின் அளவைக் காட்டும். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் அவர் பெறலாகாது. பொதுமக்களுக்குரிய வரம்பு 1 மில்லிசீவர்ட் மட்டுமே. கதிரருகே நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையில் தடுப்பை வைத்தல் ஆகிய மூன்றே காப்பின் அடிப்படை. தொலைவை இருமடங்காக்கினால் கதிரளவு நான்கில் ஒன்றாகும்.

இவ்வளவு விதிகளும் ஏட்டோடு நின்றால் என்னாகும் என்பதற்கு 2010-ஆம் ஆண்டின் துயரம் சான்று. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1970-இல் கனடாவிலிருந்து வாங்கிய கோபால்ட்டுக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று, 1985 முதல் பயன்படுத்தப்படாமல் கிடந்தது. அதனுள் என்ன இருக்கிறது என்பதைக் கருதாமல் 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலம் விட்டனர். மாயாபுரிக் கடைத்தெருவில் அதை உடைத்தபோது கதிர் வெளிப்பட்டது. பலர் நோயுற்றனர், தொழிலாளி ஒருவர் இறந்தார். ஊடுகதிர்க் குழாய் மின்சாரத்தை நிறுத்தினால் ஓய்ந்துவிடும். கோபால்ட்டுக்கு அத்தகைய ஓய்வில்லை. கருவிகளின் இவ்வேறுபாட்டை அறிந்த ஒருவர், பதிவேட்டைக் கையில் ஏந்தி அவ்வறைக்குள் நின்றிருந்தால், கூலிக்கு இரும்பு உடைத்த அவ்வேழை இன்னும் சில காலம் வாழ்ந்திருப்பார். பல்கலைக்கழகம் எங்கே, அவர் எங்கே! படித்தோர் விட்ட பிழைக்குப் படியாதவர் உயிர் கொடுத்தார்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! ராண்ட்ஜன் என்றதும் கையெலும்புப் படமே நம் நினைவுக்கு வருகிறது. அதனோடு, பொருள் பொருளாக வைத்து எழுதிய அந்த 17 பகுதிகளையும் நினைவிற் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவர் எழுதி எழுதியே தெரியச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத அதன் தீமையையும் எழுதி வைத்தே காக்க முடியும். கருவி வாங்கிய நாள், அதன் பொறுப்பாளர் பெயர், பழுது பார்த்த நாள், கழித்துவிடும் முறை ஆகிய நான்கையும் பதிவேடு பேச வேண்டும். பொறுப்பாளர் ஓய்வு பெறும்போது, சாவியோடு இச்செய்திகளையும் அடுத்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தில்லியில் அறுந்தது இந்த இழையே.

நிறுத்து வாங்கி நிறுத்துக் கொடுக்கும் நம் நெசவாளர் நெறி பட்டுக்கு மட்டும் உரியதன்று. இவ்வாண்டும் இருப்புச் சரிபார்ப்பு வரும். தமிழாசிரியனாகிய யான் இம்முறை குறியிட்டு மட்டும் மீளேன்; ஒவ்வொரு கருவியின் முன்னும் நின்று, இது யாது, இதனுள் இருப்பது யாது என்று கேட்டே மீள்வேன். நீங்களும் கேளுங்கள். ராண்ட்ஜனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.