குறைந்த செலவில் கார் பந்தயமா? கரிவரதன் காட்டிய வழி

சுங்கைப்பட்டாணியிலோ பீடோங் தோட்டத்திலோ வளர்ந்த இளைஞருக்குக் கார் பந்தய ஆசை வந்தால், முதல் கேள்வி: எந்தப் பிரிவில் ஓட்டுவது? இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல விடை தந்தவர் எஸ். கரிவரதன்.

1954-ல் பிறந்த இவர், கோயம்புத்தூரின் வசதியான பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. சோழவரம் பந்தயங்களில் கலக்கியவர். இவரிடம் காசு இருந்தது. மற்ற இளைஞர்கள் என்ன செய்வது?

1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். ஒரே ஒரு இருக்கை; இன்ஜின், சாலையில் ஓடும் மாருதி 800-இன் 796 சிசி. நம்ம ஊர் கன்சில் மாதிரி எங்கும் ஓடிய சின்னக் கார் அது. அதனால் உதிரிபாகம் சுலபமாகக் கிடைத்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார் என்பதால், காசைவிடத் திறமைதான் பேசியது.

1995-ல் வான் விபத்தில் கரிவரதன் இறந்தார். ஆனால் பதின்ம வயதில் ஃபார்முலா மாருதி ஓட்டிய நாராயண் கார்த்திகேயன், 2005-ல் இந்தியாவின் முதல் எஃப்1 ஓட்டுநரானார். அதே ஆண்டு நம்ம செப்பாங்கிலும் ஓட்டினார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று கரிவரதன் பெயரில் இருக்கிறது.

அதனால், பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி காரா? உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா? கார் வாங்கிய பிறகு டயருக்கும் பெட்ரோலுக்கும் கையில் காசு மிஞ்சுமா?